கோப்புக்குப் பதினொரு நொடி

விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், எனக்கு டீ அவ்வளவாகப் பிடிக்காது.

எங்கள் அலுவலகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மழைமானிகளின் கோப்புகளும் சர்வரில் இருக்கிற பொது டிரைவில்தான் வந்து விழும். தினமும் காலையில் ஆர் (R) என்கிற கணினி மொழியில் நான் எழுதிய நிரல் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து ஒரே அட்டவணையாக்கும். நெட்வொர்க் வழியாகப் படிப்பதால் நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை யாருக்கும் வேலை ஓடாது. டீ அறைக்குப் போவோம். எதிர்மேசை அக்கா தன் மாமியார் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

கை சும்மா இருக்குமா? பழைய பதிவுகளை என் கணினியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வந்ததை மட்டும் டிரைவிலிருந்து படிக்கவைத்துப் பார்த்தேன். பத்தொன்பது நொடி. ஓடிப்போய் மேலாளரிடம் காட்டினேன்.

“பிரமாதம். அப்ப காலையிலேயே இன்னும் ரெண்டு ரிப்போர்ட் போட்டுடலாம்ல?” என்றார்.

அக்கா பார்த்த பார்வையில் பச்சை மரம் பட்டுப்போயிருக்கும். “மாமியாரு பீரோ சாவிய எங்க ஒளிச்சாங்கன்னு இனிமே உனக்குத் தெரியவே போறதில்ல” என்றார்.

அன்று மாலையே ஒரு வரி சேர்த்தேன். ஒரு கோப்பைப் படித்ததும் பதினொரு நொடி தூங்கு, பிறகு அடுத்ததை எடு. மறுநாள் பழையபடி நாற்பது நிமிடம். டிரைவ் மறுபடி மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிட்டேன்.

டிரைவைப் பார்த்துக்கொள்வது சர்வர் அண்ணன். பதினாறு வருட சர்வீஸ். மேசை மேசையாகத் தவழ்ந்து வயரையெல்லாம் மாற்றினார். மாற்றிய ஒவ்வொரு முறையும் என்னைத்தான் நிரலை ஓட்டிப் பார்க்கச் சொல்வார்.

“தம்பி, நீ விவரமான ஆளு. மறைக்காமச் சொல்லு, தப்பு என் மேலயா?”

“உங்க மேல இல்லண்ணே. மெஷினுக்கு வயசாயிடுச்சு.”

ஆறுதலுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன். புது சர்வரே வந்தது. அதிலும் நாற்பது நிமிடம். போதாக்குறைக்கு, அண்ணனுக்கு வேலை தெரியவில்லை என்று மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. அவரைக் கீழ்த்தளத்துப் பழைய பதிவேட்டு அறைக்குத் தள்ளினார்கள். மூன்று மாதம் அங்கே, பிறகு வேலையை விட்டு வீட்டுக்கு என்று உத்தரவு.

எனக்கு மனசு கேட்கவில்லை. பொழுதாவது போகட்டும் என்று நானே இறங்கிப்போய் அவருக்கு ஆர் கற்றுக்கொடுத்தேன். என் நிரலையே பாடமாக வைத்தேன். அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறேன், நீங்களே பார்க்கலாம். மூன்றாவது வாரம் அண்ணன் திரையில் விரலை வைத்தார்.

“தம்பி, ஸ்லீப்னு ஒரு வரி இருக்கே. அது யாரைத் தூங்கச் சொல்லுது?”

நல்ல மாணவர். சத்தம் போடவில்லை, நேராக உங்களிடம் வந்துவிட்டார். அவருடைய நாற்காலியை அவருக்கே கொடுத்துவிடுங்கள் சார், அதுதான் நியாயம்.

அந்த மொட்டைக் கடிதமும் என்னுடையதுதான். அண்ணன் மேல் எனக்குத் துளிக்கூடப் பகை கிடையாது. அந்த வாரம் அக்காவின் மாமியார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், கதை இல்லை. நாற்பது நிமிடம் சும்மா உட்கார எனக்கு வராது.