ஊற்றாமல் வைத்த மிச்ச மருந்து

தாரணி, வயது 27, கணவர் பெயர் பாலகுமார், எலெக்ட்ரானிக் சிட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. சொந்த ஊர் ஆம்பூர். பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். ஏழு மாதப் பெண் குழந்தை உண்டு. கன்னடம் பேசுவேன், எழுத வராது. ஆகவே ஏட்டு கோவிந்தப்பா அனுமதியுடன் தமிழில் என் கைப்பட எழுதித் தருவது:

2006 ஜூன் 10, சனிக்கிழமை, மேல்வீட்டு வனஜா அக்கா வீட்டுக்கு நோரா சிஸ்டர் வந்தார். அவர் கோலார் தங்கவயல்காரர், ஒரு தோல் மருத்துவமனையில் நர்ஸ். நெற்றிச் சுருக்கத்துக்கான பொடாக்ஸ் ஊசியை லீவு நாளில் வீடுகளுக்கு வந்து போடுவார். ஒரு குப்பியைக் கலந்துவிட்டால் அன்றே தீர்க்க வேண்டும் என்பதால் மூன்று பேர் சேர்ந்தால்தான் வருவார். வனஜா அக்கா, அவருடன் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் ஒருவர், மூன்றாவது நான். "கோவமே இல்லாம கோவக்கார மூஞ்சி எனக்கு, ரூம் கேக்க வர்றவன் அப்படியே திரும்பிப் போயிடுறான்" என்று அக்கா சொல்ல எல்லோரும் சிரித்தோம். பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் என் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு விழுந்திருந்தது.

அவர்கள் இருவருக்கும் போட்ட பிறகு சிஸ்டர், "பாப்பா இன்னும் பால் குடிக்குதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப உனக்குப் போட மாட்டேன். மிச்சத்த சிங்க்ல ஊத்திடு" என்று குப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஊற்றவில்லை. குழந்தை பால் மறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று என் ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னால் வைத்தேன். அந்த வாரம் மூன்று நாள் கரண்ட் போனது.

அதன் பிறகு 24ஆம் தேதி வனஜா அக்கா வந்து, வலது புருவத்துக்கு மேல் கோடு போகவில்லை என்றார். சிஸ்டர் ஊருக்குப் போயிருந்தார். குப்பி இருப்பதை நானேதான் சொன்னேன். "காலேஜ்ல தவளைக்கெல்லாம் ஊசி போட்டவதானே, குத்துடி" என்றார். இரண்டு இடத்தில் குத்தினேன். ஒன்று புருவத்துக்கு மிக அருகில் இறங்கிவிட்டது.

அதன் பிறகு நான்காம் நாள் அவருடைய வலது இமை தொங்கிக் கண்ணை மூடிவிட்டது. சரியாகும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். அக்காவின் கணவர் கோதண்டராமன் யார் போட்டது என்று கேட்டதற்கு அக்கா சிஸ்டர் பெயரைச் சொல்லிவிட்டார். என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "உனக்குக் கைக்கொழந்த. நீ வாயத் தொறக்காத" என்றார். அதனால், கோதண்டராமன் கொடுத்த புகாரின் பேரில் செவ்வாய்க்கிழமை காவலர்கள் வந்து விசாரித்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது பொய்.

இன்று காலை சிஸ்டரை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். வெளியே பெஞ்சில் இருந்தவர், "நீயும் என் மேல எழுதிக் குடுக்க வந்தியா?" என்றார். உள்ளே வந்து ஏட்டிடம் காகிதம் கேட்டேன். குழந்தை புட்டிப்பால் குடிக்காது. வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. வீட்டில் வந்து ஊசி போட்டது தவறென்றால் அது வேறு விஷயம். அக்காவின் கண் இறங்கியதற்கு சிஸ்டர் காரணமல்ல, நான்.

எழுதியதை ஏட்டுக்குப் படித்துக் காட்டினேன். யாரும் மிரட்டி எழுதியதல்ல, அத்தனையும் நடந்தது. சிஸ்டரை அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கையெழுத்து முதலில் என்றார். போடுகிறேன்.

(ஒப்பம்) பா. தாரணி
6.7.2006