வயர்மேன் படிப்பு

ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷன் பெண்சாதி.

"புளியமரம் ஏறுற நம்ம புள்ளைக்கு, கரண்டு கம்பம் ஏற எதுக்குய்யா சர்டிபிகேட்டு?" என்று அந்த அம்மாள் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அது இல்லாம வயர்மேன் வேலை குடுக்க மாட்டாங்க. வேலூர்ல படிக்கணும்."

"செலவுக்கு?"

"நம்ம புளியமரத்தயெல்லாம் குத்தகைக்கு வுட்ருவோம். அப்பால மாசாமாசம் சம்பளம் வரும்."

"சம்பளம் கெடக்கட்டும். கால் வழுக்குனா கைக்குக் கெடச்சத கெட்டியா புடிச்சிக்கடான்னு சொல்லிச் சொல்லியே வளத்துட்டேனே."

"அதுக்கு இன்னா இப்போ?"

"கம்பத்து மேல அவன் கைக்கு இன்னாய்யா கெடைக்கும்?"

பஸ் வளைவில் சாய்ந்தது. அவர் கை தானாகப் போய் முன்கம்பியைப் பிடித்தது. பஸ் நிமிர்ந்த பிறகும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.