வயிற்றுவலி என்று சொல்லி வந்தது

ஓமத்தண்ணீர் வாசனை வந்தால் நான் கல்லல் ரயில் நிலையத்துக்குப் போய்விடுகிறேன். அறுபதுகளில் ஒரு காலை, பக்கத்துப் பெஞ்சில் ஓர் அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஓமத்தண்ணியிலயே குளிச்சிட்டியேடி. வலி வயித்துலயா இருக்கு?"

"வேற எங்கன்னுக்கா சொல்றது? அவுக நெருங்குனாலே கீழ கீறிவிட்டாப்புல எரியுது."

"புருசன் மேல பிரியமில்லன்னு உன் மாமியா பேசுது."

"பிரியமில்லாமயா, தள்ளிப் படுத்து அவுக மூச்சையே கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்?"

"மதுர டாக்டரம்மாகிட்டயாச்சும் வலிக்கிற எடத்தச் சொல்லு."

"பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாகன்னா?"

"வேற டாக்டரப் பாப்போம். வலி இருக்குல்ல?"

மதுரைக்கு வண்டி ஏறியவள் தங்கை மட்டும்தான். வண்டி நகரும்போது ஜன்னலில் குனிந்து சொன்னாள்:

"அக்கா, நான் வெலகிப் போகலன்னு அவுககிட்டச் சொல்லு. கிட்ட வரத்தான் போறேன்."