கம்ப்யூட்டருக்குள் ஒரு மனைவி

துடியலூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கல்லூரி வாத்தியார் மனைவியிடம் லேப்டாப்பைக் காட்டினார்.

"யாரைப் பார்த்து யாரு பொருள் வாங்கறாங்கன்னு கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு தெருவைச் செஞ்சு பாக்கறோம். உன்னாட்டமே ஒருத்தியைப் போட்டிருக்கறேன் அம்மணி. பக்கத்து ஊட்ல எது வாங்குனாலும் அவளுக்கும் வேணும்."

"இதையா இன்னைக்கு ஆராய்ச்சிக் கூட்டத்துல காட்டப்போறீங்க?"

"ஆமா."

"ஏனுங்க, பக்கத்து ஊட்டு அண்ணனைப் பார்த்து, என்ற கழுத்துச் சங்கிலியை வித்துக் கார் வாங்குனது யாருங்க? நானு வேண்டாம்னு அழுதனே! ஓட்டத் தெரியாம அது வாசல்ல நிக்குது, நாம பஸ்ல போறோம்."

அந்த ஆள் லேப்டாப்பை மூடப்போனார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"என்னை எடுத்துப்போட்டு உங்களைப் போடுங்க."

"அப்ப ஆராய்ச்சி முடிவே மாறிப்போயிருமே கண்ணு."

"மாறட்டுமுங்க. பஸ்ஸு நிக்கறதுக்குள்ள மாத்துங்க."