பன்றிக்குக் கிழித்த கல்யாணச் சேலை

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் ஒருநாள், அக்கரைக்குப் போகும் படகுக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"பன்னி சுட என் கல்யாணச் சேலைதான் அக்கா சரியா இருக்கு," என்றாள் இளையவள்.

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். நானும்தான்.

"சேலைய வெச்சு எப்படிடி சுடுவ?"

"மெல்லமா பேசுங்கலா. எங்க வீட்டுக்காரர் ஒரு பழைய துப்பாக்கிய ஒளிச்சு வெச்சிருக்காரு. குழல் வாய் வழியா வெடிமருந்தப் போட்டு, ஈயக் குண்ட துணியில சுத்தி உள்ள இடிக்கணும். துணி சரியில்லன்னா குண்டு கோணலா போவும். அப்புறம் நம்ம மரவள்ளி முழுக்கக் காட்டுப்பன்னிக்குத்தான்."

"வேற துணியே கெடைக்கலியா?"

"கோணிச் சாக்கு உள்ளயே போகல. அவரு சட்டை எரிஞ்சு ஓட்டையாயிடுச்சு. சுட்டதும் கீழ விழுற துணிய எடுத்துப் பாக்கணும் அக்கா. ஓட்டை இல்லாம முழுசா கெடந்தா அதுதான் நல்ல துணி. என் சேலை நெருக்கமா நெய்ஞ்ச நூல் சேலை. துணியும் முழுசா கெடந்துச்சு, பன்னியும் கெடந்துச்சு."

சிப்பாய் ஒருவன் வந்தான். எல்லோரும் குனிந்து வணங்கினோம். அவன் போகும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"இருந்தாலும் கல்யாணச் சேலையப் போயி கிழிப்பாளா ஒருத்தி!"

"ஒரு மாசமா வீட்டுல கறி இருக்கு அக்கா. உப்புக்கண்டம் போட்டு வெச்சிருக்கேன்."

மூத்தவள் தன் சேலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன் முந்தானையை நீட்டினாள்.

"இது தாங்குமா பாரு."

இளையவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா தாங்கும் அக்கா. அடுத்த பன்னியில ஒரு தொடை உங்களுக்கு."

"ரெண்டு," என்றாள் மூத்தவள், முந்தானையை விடாமல்.