பலூன் எழுத்தில் ஒரு கல்வெட்டு

"அக்கா, செத்த மனுசனுக்குப் பலூன் எழுத்துப் போட்டிட்டன்."

மோர்டன் போகும் ரயிலில் இதைக் கேட்ட பிறகும் நான் பத்திரிகை படித்தேன் என்றால் என் மனைவிகூட நம்பமாட்டாள். சொன்னவர் அச்சகக்காரர். பக்கத்துப் பெண்மணியின் மடியில், இறந்த கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவுப் புத்தகம்; எங்கள் ஊரில் அதைக் கல்வெட்டு என்போம். அட்டையில் அவர் பெயர் குண்டுகுண்டாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"பிறந்தநாள் கார்டுக்கு வச்சிருந்த எழுத்து. மாத்த மறந்திட்டன். எல்லாத்தையும் திரும்ப அடிச்சு, வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கிறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"உங்களுக்கென்ன விசரே தம்பி? ஏன் திரும்ப அடிக்கோணும்? முன்னுக்கு வயிறு, ஒரு பக்கம் சரிஞ்ச நடை. இது அவரேதான். போட்டோவில கூட ஆள் இப்பிடி வரேல்லை."

அச்சகக்காரர் குனிந்து அட்டையைப் பார்த்தார்.

"ஒரு மாசமாப் பேசாமக் கிடந்த என்ர மகள் இதைப் பாத்திட்டு, 'ஐயோ அப்பா' எண்டு சிரிச்சவள். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் தேடித் திரிஞ்சனான்."

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் என்னுடையதைத் துடைத்தேன். லண்டனில் தூசி அதிகம்.

"அந்த எழுத்தைக் கம்ப்யூட்டரில இருந்து அழிச்சுப்போடாதேங்கோ, தம்பி."

"ஏனக்கா?"

"எனக்கும் அதுதான் வேணும். பக்கத்தில வச்சா சோடியாத் தெரியோணும்."