லிட்டருக்குப் பன்னிரண்டு

ஆகாய விமானத்தை விற்கப் போனாலும் நம் ஊரில் முதல் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான் ஐயா. நெடுமாறனும் அதைத்தான் கேட்டார்.

பாபநாசத்தில் பழைய கார் வாங்கி விற்கிறேன். அது இருபது வருடத்து டர்போ ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு. பெட்ரோல் முள் செத்துப் போயிருந்தது. அதையும் சொல்லித்தான் விற்றேன். நெடுமாறன் சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பி, சுவாமிமலைப் பக்கம் நெல் போடுகிறவர். கூடவே மனைவி மதிவதனி வந்திருந்தது.

"ஏண்ணே, இது ஓடுற வண்டியா, குடிக்கிற வண்டியா?" என்றது அந்தப் பெண்.

"பன்னெண்டு கொடுக்கும் தங்கச்சி. குறைஞ்சா நானே திரும்ப எடுத்துக்கறேன்." கடைவீதியே கேட்கச் சொன்னேன்.

பாட்டில் சோதனையும் காட்டினேன். ஒரு லிட்டரைப் பாட்டிலில் ஊற்றி, அதிலிருந்தே இன்ஜினுக்குப் போகும்படி மாட்டி, தீரும்வரை ஓட்டுவது. நான்தான் ஓட்டினேன். முட்டைமேல் கால் வைக்கிற மாதிரி ஆக்சிலேட்டரில் வைத்தால் பெட்ரோலை உறிஞ்சுகிற டர்போ கண் விழிக்காது. மேடு பள்ளமில்லாத வயல்வெளிச் சாலை வேறு. பன்னிரண்டு வந்தது. விரட்டினால் ஐந்துதான் என்று எனக்குத் தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது எங்கள் குடும்பத்து வியாபாரத்தில் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு அவரிடமிருந்து போன். நாற்றுப் பறித்த இடத்தில் மதிவதனியைப் பாம்பு கடித்துவிட்டது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்த வண்டி, ஆள் நடமாட்டமில்லாத ஆற்றங்கரைச் சாலையில் நின்றுவிட்டது.

"அண்ணே, காலையிலதான் மூணு லிட்டர் ஊத்தினேன். உங்க கணக்குக்கு முப்பத்தாறு வரணும். பதினாறு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. தீர்ந்திருக்குமோ?"

பதினாறை மூன்றால் வகுக்க எனக்கு வாய்ப்பாடு வேண்டாம். தீர்ந்துவிட்டது. என் கடையில் கேன் நிறையப் பெட்ரோல் இருந்தது. அவர் நின்ற இடத்துக்கு ஐந்து நிமிடம். ஆனால் கேனும் கையுமாகப் போய் நின்றால், பன்னிரண்டு வரவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். கடைவீதி கேட்ட வார்த்தை அது.

"பெட்ரோல் இருக்குங்க. ஃபியூஸ் போயிருக்கும். ஒவ்வொண்ணா கழட்டி மாட்டிப் பாருங்க."

"நூத்தியெட்டுக்குச் சொல்லட்டுமாண்ணே?"

"அது வர்றதுக்குள்ள நீங்க தஞ்சாவூர்ல இருப்பீங்க. லைன்லயே இருங்க."

நாற்பது நிமிடம், அவர் சாவியைத் திருகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில், "கண்ணு தானா மூடுதுங்க" என்று அந்தப் பெண் சொன்னதும் கேட்டது. நான் அடுத்த ஃபியூஸைச் சொன்னேன். பிறகு அவர் மட்டும் பேசினார். பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. டேங்க் காலி என்று தெரிந்தேதான் சொன்னேன். அதில் எனக்குப் பேரம் இல்லை. ஆனால் பன்னிரண்டு என்றது பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கொஞ்சம் நிதானமாக ஓட்டியிருந்தால், அந்த மூன்று லிட்டரிலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள்.